இசைக்கு உரியவர் யார்?

பந்தல் போட்டவருக்குக் கூலி உண்டு. சமைத்தவருக்குக் கூலி உண்டு. ஒலிபெருக்கி கட்டியவருக்கும் உண்டு. அதில் முழங்கும் பாட்டுக்கு மெட்டமைத்தவருக்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள். "பாட்டுத்தான் காற்றில் கிடக்கிறதே!" என்பர். காற்றிலா கிடக்கிறது? ஒருவர் கண்விழித்து உழைத்த உழைப்பன்றோ அது!

ஆசிரியர் மூவர் கூடி, மாலை வேளைகளில், கணினியில் காட்சிப் புதினம் ஒன்றை ஆக்கி வருகிறோம். ஓவியம் திரையில் நிற்கும். உரை வரிவரியாய் வரும். கதை செல்லும் வழியைப் படிப்பவரே இடையிடையே தேர்வார். எழுத்து நம்முடையது, ஓவியம் நம்முடையது. இசை? அங்கேதான் வந்தது சோதனை.

திரைப்படத்தில் காட்சியின் அளவே இசையின் அளவு. இங்கோ ஒருவர் அரை நிமிடத்தில் கடக்கும் பக்கத்தில் இன்னொருவர் ஐந்து நிமிடம் தங்குவார். ஆகவே, முடிந்த இசை தையல் தெரியாமல் தொடக்கத்திற்குத் திரும்பவேண்டும். சொல்லுள்ள பாட்டு உதவாது. கண் ஒரு சொல்லைப் படிக்க, செவி வேறு சொல்லைக் கேட்க, உள்ளம் இரண்டையும் இழக்கும். சோகக் காட்சியில் இசையே முந்தி அழுதுவிட்டால் படிப்பவர் அழுவதற்கு மிச்சம் ஏது? சில இடங்களில் அமைதியே தக்க இசை.

"பீத்தோவன் 1827 இல் மறைந்தவர், அவர் இசைக்கு யாரைக் கேட்பது?" என்றார் நண்பர். உண்மை. நம் நாட்டின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் அவர் இசை பொதுச்சொத்து. ஆனால், அதை அண்மையில் வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வெளியான பின் 60 ஆண்டு வரை அது நிற்கும். இசை பொது, பதிவு பொதுவன்று!

"இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கிறதே!" என்றார் மற்றவர். 2002 முதல் வழங்கிவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் படித்தோம். பெயரைக் குறிப்பிடு என்கிறது ஒன்று. வாணிகத்துக்கு ஆகாது என்கிறது மற்றொன்று. மாற்றாதே என்கிறது வேறொன்று. விலைக்கு விற்கும் விளையாட்டில் இரண்டாவதற்கு இடமில்லை. மூன்றாவதை வெட்டி ஒட்டிச் சுழலவிடவும் நமக்கு உரிமையில்லை.

2017 இல் வெளிவந்த 'டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்' என்னும் காட்சிப் புதினத்திற்கு, அதை ஆக்கிய டான் சல்வாட்டோவே இசையும் அமைத்தார். அந்த ஆற்றல் நமக்கு இல்லை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவரை நாடினோம். நம் சம்பளத்திலிருந்து தொகை திரட்டினோம். ஆறு இசைத் துண்டுகள் பேசி முடிந்தன.

"நமக்குள் எழுத்து எதற்கு, சார்?" என்றார் அவர். நாம் விடவில்லை. உரிமம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்! நம் விளையாட்டையோ சிங்கப்பூரிலும் வாங்குவர், டொராண்டோவிலும் வாங்குவர். எனவே எழுதினோம்: இசை அவருடையதே, இந்த விளையாட்டில், உலகெங்கும், காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமை மட்டும் நமக்கு, தனியே விற்கும் உரிமை அவருக்கு, விளையாடுவோர் அதைப் படம்பிடித்து இணையத்தில் காட்டவும் தடையில்லை.

தாளை இருமுறை படித்தார். தொகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "என் பெயர் திரையில் வருமா, சார்?" என்று மட்டும் கேட்டார். பத்தாண்டுகள் மேடையில் வாசித்த கைகள். ஒருமுறையேனும் தம் பெயரை எழுத்தில் காணாத கண்கள்! முதல் திரையிலேயே வரும் என்றோம். அதையும் தாளில் சேர்த்தோம்.

தோழர்களே! விளையாட்டு ஆக்க முனையும் இளைஞர்களே! கதைக்கு ஓராண்டு உழைக்கும் நீங்கள் ஒப்பந்தத்திற்கு ஒரு மாலையை ஒதுக்கக் கூடாதா? கேட்டுப் பெறுங்கள், எழுதிப் பெறுங்கள், கொடுத்துப் பெறுங்கள். எடுத்துக்கொள்வது எளிது. ஆனால், எடுத்துக்கொண்ட இசையால் படிப்பவரைக் கண்ணீர் விடச் செய்பவர், அந்த இசைக்கு உரியவரின் கண்ணீரை எங்கே ஒளித்து வைப்பார்?