நானும் நடுவரானேன்

நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனம், படிப்பது விழுப்புரம். இடைப்பட்ட சுமார் 40 கிலோமீட்டரை நாள்தோறும் ரயிலில் கடப்பவன். இரண்டு ஊருக்கும் பொதுவானவன் என்று எண்ணினார்களோ என்னவோ, சென்ற ஆண்டு திண்டிவனத்தில் இரு ஊர் இளைஞர்களும் ஆடிய கூடைப்பந்துப் போட்டிக்கு நடுவர் இருவரில் ஒருவனாக என்னை நிறுத்திவிட்டார்கள். கழுத்தில் விசில் தொங்கியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை!

ஆட்டத்தின் நடுவே விழுப்புரம் அணிக்கு ஒரு தனி எறி கிடைத்தது. எறிபவர் கையை விட்டுப் பந்து அகலும் முன்பே அவருடைய தோழர் ஒருவர் உள்ளே பாய்ந்தார். பந்தோ வளையத்தில் விழுந்துவிட்டது. நான் விசில் ஊதவில்லை, புள்ளியும் கொடுத்தேன். கூட்டம் முணுமுணுத்தது.

ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. திண்டிவனம் ஒரு புள்ளி பின்தங்கி இருந்தது. கடைசித் தனி எறிக்கு வந்து நின்றவன் என் பள்ளித் தோழன்; ஒரே தெருக்காரன். எறிபவருக்கு 5 விநாடிதான் அவகாசம். பந்து வளையத்தைத் தொடும்வரை அவர் கோட்டை மிதிக்கக் கூடாது. அவன் எறிந்தான். பந்து காற்றில் இருக்கும்போதே அவனது கால் நுனி கோட்டில் பட்டதைக் கண்டேன். பந்து வளையத்தில் விழுந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. நான் விசில் ஊதினேன். புள்ளி இல்லை, பந்து எதிரணிக்கு. திண்டிவனம் தோற்றது.

"அவங்க கால் வச்சா கண்ண மூடிக்குவ; நம்ம பையன் கால் பட்டா ஊதுவியா?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார்.

நண்பர்களே, சர்வதேச விதி சொல்வது இதுதான்: எறிபவரே தவறினால், விழுந்த பந்தும் செல்லாது. பக்கத்தில் நிற்பவர் தவறி, பந்து விழுந்துவிட்டால், அத்தவறு பொருட்படுத்தப்படாது, புள்ளி உண்டு. பந்து விழாமற் போனால்தான் கணக்கு: தவறியவர் எதிரணியினராயின் மறு எறி, எறிபவரின் தோழராயின் பந்து எதிரணிக்கு. உள்ளே பாய்வது திரும்பி வரும் பந்தைப் பிடிக்கத்தானே? பந்து விழுந்தபின் அந்தப் பாய்ச்சலால் யாருக்கு என்ன இலாபம்? கோட்டை மிதித்து எறிபவர் கதை வேறு. குற்றத்தை மட்டுமன்றி, அதன் பயனையும் எடைபோடுகிறது விதி. நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நினைவுக்கு வந்தார்.

பெரியவரிடம் இவ்வளவும் சொன்னேன். அவர் நம்பினாரோ, இல்லையோ!

இரவு என் தோழன் வீட்டுக்கு வந்தான். "கால் பட்டது நிஜந்தான்டா. ஆனா விசில் ஏன் லேட்டா வந்துச்சு?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. கால் பட்டதற்கும் விசில் ஒலித்ததற்கும் இடையே ஒரு கணம் நான் நடுவனாக இல்லை, திண்டிவனத்துக்காரனாக இருந்தேன். அதை அவன் ஒருவன்தான் கண்டுபிடித்தான்.