அத்தையின் தோசைக்கல்லில் அவுட்போர்டு இன்ஜின் ஆயில்!

மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4-ம் தேதி ஆவடியில் பதிவான மழை 28 சென்டிமீட்டர். புயல் மறுநாளே ஆந்திராவின் பாபட்லா பக்கம் கரையைக் கடந்துவிட்டது. ஆனால் அது விட்டுச் சென்ற தண்ணீர் புறநகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு மெக்கானிக் கடை வாசல்களில் ஸ்கூட்டர்களும் பைக்குகளும் வரிசை கட்டின. ஆவடியில் அப்படி ஒரு சின்ன ஷெட்டுக்கு, வரிசையில் சேராத ஒரு விருந்தாளி வந்து இறங்கியது. பழவேற்காட்டிலிருந்து குட்டியானை வண்டியில் வந்த 20 குதிரைத்திறன் படகு இன்ஜின்.

ஆவடியில் கடல் கிடையாது. ராணுவ டாங்கிகளும் அவற்றின் இன்ஜின்களும் தயாராகிற ஊர் அது. ஷெட்டின் சொந்தக்காரர் முப்பது வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பழவேற்காட்டுக்காரர். இன்ஜினோடு வந்த பையன், மனைவியின் அண்ணன் மகன். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க பள்ளிக்கரணைப் பக்கம் மீனவர்களின் படகுகள் போனதே, அதில் அவன் படகும் ஒன்று. லாரியில் ஏற்றிப் போய், இரண்டு நாள் தெருத்தெருவாக ஓட்டியிருக்கிறான்.

"ஆயில் பால் மாதிரி ஆயிடுச்சு மாமா. ஊர்ல காட்டினேன். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், பிரிச்சா அம்பதாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க."

படகுக்கு வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. மனைவியின் செயினை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் அவன் அத்தையிடம் வந்திருந்தான். இன்ஜினைக் கூடவே கொண்டுவந்தது, மாமா ஒரு பார்வை பார்க்கட்டுமே என்றுதான்.

அவர் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். டீக்கடை டிகாஷனில் பால் விட்ட நிறம். அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. முகர்ந்தார். "பெட்ரோல் வாடையும் அடிக்குதே மாப்ள."

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலில் தண்ணீர் சேருவது சாதாரண விஷயமில்லை. சுழலும் பாகங்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது ஆயில்தான். தண்ணீர் கலந்தால் அந்தப் படலம் அறுந்துபோகும். அப்படியே நிறுத்தி வைத்தால் உள்ளே துரு பிடிக்கும். ஆனால் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது. வழி தெரியாமல் இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது, காய்ச்சல் என்று வந்தவனை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவது போலத்தான்.

முதலில் அது தண்ணீர்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் தோசைக்கல். அத்தை தர மறுத்தார். "பழைய கல்லு, ஓட்டை கல்லு, எதுவா இருந்தாலும் சரி" என்ற பேரத்துக்குப் பிறகு பரணில் இருந்து ஒன்று இறங்கியது. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடும் சூட்டுக்குக் கல்லைக் காய வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி முற்றத்துக்குக் கொண்டு வந்தார். பெட்ரோல் வாடை இருக்கும் எதையும் நெருப்பு பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது. ஒரே ஒரு சொட்டு விட்டார். கடுகு தாளித்தது போல் படபடவென்று வெடித்தது. நல்ல ஆயில் சத்தமே போடாது, வழுக்கிக்கொண்டு பரவும். ஆக, தண்ணீர்தான்.

இனி எந்த வழி?

அவுட்போர்டு இன்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை. மிதக்கிற தண்ணீரையே கீழிருந்து பம்ப் உறிஞ்சி, இன்ஜினைச் சுற்றிக் குளிர வைத்து வெளியே விடுகிறது. அது ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளமாகச் சின்னத் துளை ஒன்றிலிருந்து கயிறு போலத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். வெள்ளத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் கவர் உறிஞ்சும் வாயை அடைத்தால் இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் பழுதாகி, குளிர்விக்கும் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்க வாய்ப்புண்டு. ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

"பீய்ச்சுற தண்ணி நடுவுல நின்னுச்சா?"

"இல்ல மாமா, வந்துகிட்டே இருந்துச்சு."

"இன்ஜின் சுட்டுச்சா? அலாரம் அடிச்சுதா?"

"சுடவே இல்ல. ரெண்டு நாளும் ஜில்லுனுதான் இருந்துச்சு."

அந்த 'ஜில்லுனு' என்ற வார்த்தையில் அவர் நின்றுவிட்டார். பையன் அதை நல்ல செய்தியாக நினைத்துச் சொன்னான். அவருக்கு அதுதான் சந்தேகம். கரன்ட் கம்பியும் காம்பவுண்டு சுவரும் மூழ்கிக் கிடக்கும் தெருவில் யாரும் வேகமாக ஓட்ட முடியாது. இரண்டு நாளும் மெதுவோட்டம். இன்ஜின் சூடேறாவிட்டால், எரிந்த வாயுவில் இருக்கும் நீராவி உள்ளே குளிர்ந்து சொட்டாகி ஆயிலில் சேரும். முழுக்க எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து கீழே இறங்கும். ஆயில் அளவு கூடியதற்கும் பெட்ரோல் வாடைக்கும் இதுவே போதும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்தால் அதன் பிளக் மட்டும் ஆவியில் கழுவியது போல் வெளுத்திருக்கும். இங்கே இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதை வைத்து மட்டும் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் தெம்பு தருகிற அறிகுறி.

அடுத்து தெர்மோஸ்டாட். விரல் நீளம்கூட இல்லாத இந்தக் கதவு, இன்ஜின் சூடாகும்வரை மூடியிருந்து, சுமார் 50, 60 டிகிரியில்தான் திறக்க வேண்டும். கழற்றியபோது அது பச்சைத் தண்ணீரிலேயே பாதி திறந்து நின்றது. இடுக்கில் மணலோடு ஒரு பால் பாக்கெட் கிழிசல்!

புதிய தெர்மோஸ்டாட் போட்டு, மலிவான ஆயிலை ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி வடித்தார். லேசான வெளுப்பு. மறுபடி ஊற்றி வடித்தார். மூன்றாவது முறை நல்ல ஆயில் ஊற்றி, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஒரு மணி நேரம் ஓடவிட்டார். கேஸ்கெட் கசிந்தால் இதற்குள் பால் நிறம் திரும்பியிருக்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் தேன் நிறம். தோசைக்கல்லில் சத்தமே இல்லை.

அதற்காக எல்லாம் சுபம் என்று இல்லை. கீழே புரொப்பல்லர் பக்கம் இருக்கும் கியர் ஆயில் தனி. அதற்கும் மேலே இருக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் தொடர்பு கிடையாது. அதன் அடித் திருகைத் தளர்த்தியதும் முதலில் வந்தது தண்ணீர். எண்ணெயைவிடக் கனம் என்பதால் அது அடியில் தங்கியிருந்தது. புரொப்பல்லரைக் கழற்றினால், யார் வீட்டுத் துணிக்கொடியோ, நைலான் கயிறு தண்டில் இறுகச் சுற்றி சீலை அறுத்திருந்தது. நிஜமான கசிவு இங்கேதான். சீல் மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குச் செயினை அடகு வைக்கத் தேவையில்லை.

இந்த வேலை முடிவதற்குள் ஷெட்டில் உணவு டெலிவரி பையன்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் பைக் ஓடினால்தான் அன்றைய சம்பளம். வண்டி மூழ்கியிருந்தால் உடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீரோடு உதைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வருகிற சேதத்துக்கு, தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்க்காத பாலிசியில் பணம் கிடைப்பதும் பெரும்பாலும் கஷ்டம். ஆயில் ஊற்றும் மூடியில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு இருந்து டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டிகளில் அது சகஜம்.

அதே டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, அங்கிருந்த மீனவர்களின் வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. அங்கே தண்ணீரில் எண்ணெய், இங்கே எண்ணெயில் தண்ணீர். பழவேற்காட்டுப் பையன் அந்தச் செய்தியைப் போனில் பார்த்தபடியே இன்ஜினைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டினான். மாமா கூலி வாங்கவில்லை; சீலுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் ஆயிலுக்கும் ஆன பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். அத்தை கேட்டது ஒரு கூடை இறால். தோசைக்கல் ஷெட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்து வரிசையில் நின்ற ஸ்கூட்டரின் டிப் ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே, அவர் அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னார்.