கண் காணாத கணம்

தொழில்முறைக் கலைஞர்களுக்கென்று செய்யப்பட்ட காமிராவைக் கையில் எடுப்பவர் முதலில் வியப்பது அதன் எடையைத்தான். என்னிடமுள்ள நிக்கான் எஃப்2, வில்லையுடன் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ. 1971இல் அறிமுகமாகி 1980 வரை செய்யப்பட்ட வகை. உடல் முழுவதும் உலோகம். ஒளியை மறைத்துத் திறக்கும் திரைகூட டைட்டானியத் தகடு. மின்கலம் ஒளியை அளப்பதற்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் காமிரா நின்றுவிடாது. அயல்நாட்டுப் பொருள்கள் அரிதாயிருந்த நாளில், ஓய்வு பெற்ற பத்திரிகைப் படக்காரர் ஒருவரிடமிருந்து ஐதராபாத்தில் இதை வாங்கினேன். விலையை நினைவூட்டினால் என் மனைவி இன்றும் முகம் சுளிப்பாள்.

எடையைவிட வியப்பானது ஒன்று உண்டு. வில்லை வழியே வரும் ஒளியைச் சாய்ந்த கண்ணாடியொன்று மேல்நோக்கித் திருப்ப, அதன்மேலுள்ள பட்டகம் காட்சியை நேராக்கி நம் கண்ணுக்குத் தருகிறது. சுருளில் எது பதியுமோ அதையே, ஓரமும் குறையாமல், காண்கிறோம். பொத்தானை அழுத்தியதும் அக்கண்ணாடி மேலே மடங்கி ஒளிக்கு வழி விடுகிறது. பார்வைத் துளை இருண்டுவிடுகிறது. படம் பதிந்தபின் கண்ணாடி இறங்கக் காட்சி மீள்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். ஆக, எந்தக் கணம் பதிவாகிறதோ, அந்தக் கணத்தை மட்டும் படம் எடுப்பவர் காண்பதில்லை! "சமயம் பார்த்துப் பிடித்தேன்" என்று பெருமை பேசும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்விருள் புதியதன்று. 1886இல் செகந்தராபாத்தில் படக்கூடம் நிறுவி, ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அவைக் கலைஞராக விளங்கிய ராஜா தீன் தயாள் காலத்துக் காமிராவிலும் அது உண்டு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் காட்சியைச் சரிசெய்வார்கள். படத்தகட்டைச் செருகியதும் அக்காட்சி மறைந்துவிடும். கோஷாப் பெண்களுக்கென்றே 1892இல் தனிப் படக்கூடம் ஒன்றையும் அவர் தொடங்கினார். அதன் பொறுப்பு ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் இருந்தது.

இச்செய்தியை என் தாயாரிடம் எடுத்துச் சொல்லக் காரணம் இருந்தது. கும்பகோணத்திலிருந்து வந்து மாரேடுபள்ளியில் எங்களோடு வாழ்ந்த அவர், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று உறுதியாக நம்பியவர். திருமணப் படமும் கிடையாது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பெண்களெல்லாம் எத்தனை வயதுவரை இருந்தார்களாம்?" என்றார். என்னிடம் விடை இல்லை.

1988இல் ஒரு பிற்பகல், கொல்லைத் தாழ்வாரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தாமாகவே, "ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளடா. இரண்டாவது கேட்கக் கூடாது" என்றார். காமிராவில் இருந்தது உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள். 1960இல் தோன்றிய அந்நிறுவனம் பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. நிலவின் பெயரைத் தாங்கிய அச்சுருள்களும் போயின. துளை வழியே தெரிந்தது இறுகிய முகம். காத்திருந்தேன், தளரவில்லை. கீரையை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் இருப்பார்? அழுத்தினேன். காட்சி மீண்டபோது அவர் குனிந்து கீரையைக் கையில் எடுத்திருந்தார்.

மூன்று நாள் கழித்து அச்சில் கண்ட முகம் வேறு. உதடுகள் சற்றே விரிந்து, கண்ணோரம் சுருங்கி, சிரிப்புப் புறப்பட்டுவிட்ட முகம். காட்டியபோது கூசினார். "ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாயே, சின்ன வயதில் கோலிக்குக் குறி பார்ப்பாயே, அந்த ஞாபகம் வந்துவிட்டது" என்றார்.

1991இல் அவர் மறைந்தபோது, மாலையிட்டு வைக்க வேறு படம் இல்லை. ஊரிலிருந்து வந்த சிற்றன்னை நெடுநேரம் அதையே பார்த்திருந்து, "அக்கா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லையே!" என்று தமக்கும் ஒரு படி கேட்டார். கோட்டியில் பெரிதாக்கிக் கொடுத்த கடைக்காரர் தொழில் தெரிந்தவர். சுருக்கங்களை நீக்கி, உதடுகளையும் சேர்த்துத் திருத்தித் தரட்டுமா என்று பரிவோடு கேட்டார். வேண்டாம் என்றேன்.