ராயபுரம் ஸ்டேஷன்

ராயபுரத்துக்கு வெளியாட்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக. விடிகாலையில் காசிமேட்டில் மீன் வாங்க. பண்டிகை நெருங்கினால் எம்.சி. ரோட்டில் துணி எடுக்க. செங்காவிச் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக நிற்கும் ரயில் நிலையத்தைப் பார்ப்பதற்கென்றே யாரும் கிளம்பி வருவதாகத் தெரியவில்லை. இந்தியாவில் இன்றும் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான்.

1853இல் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கும், 1854இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கும் ரயில் ஓடியது. அந்த முதல் வண்டிகள் கிளம்பிய நிலையங்கள் இன்று இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் பெரிய கட்டடங்கள் எழும்பிவிட்டன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூன் 28 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. கவர்னர் ஹாரிஸ் பிரபு தொடங்கிவைத்து, ஐரோப்பிய விருந்தாளிகளோடு தானும் ஏறிக்கொண்டு வாலாஜா ரோடு பக்கம், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனார். இந்திய விருந்தினர்களை ஏற்றிய இன்னொரு வண்டி திருவள்ளூரோடு நின்றுகொண்டது. யாருக்கு எவ்வளவு தூரம் என்பதைத் திறப்பு விழாவிலேயே முடிவு செய்துவிட்டார்கள்! பெட்டிகள் மட்டும் உள்ளூர்த் தயாரிப்பு; சிம்சன் கம்பெனி செய்து கொடுத்தவை.

ஏன் ராயபுரம்? அன்றைய மதராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போடும். மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டதே 1875இல்தான். கறுப்பர் நகரத்தின் வியாபாரமெல்லாம் இந்தக் கடலோரத்தில் நடந்ததால், அதன் வடக்கு எல்லையை ஒட்டி, படகுத்துறைக்குக் கிட்டே தண்டவாளம் தொடங்க வேண்டியிருந்தது. 1862இல் அது மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டது. ஒரு கடலின் சரக்கு இன்னொரு கடலுக்கு ரயிலேறிப் போக வழி பிறந்தது. 1873இல் சென்ட்ரல் வந்ததும் பயணிகள் மெல்ல மெல்ல அங்கே போய்விட்டார்கள். ராயபுரத்துக்கு மிஞ்சியது சரக்கும் புகையும். வடசென்னைக்கு இது பழகிப்போன கதை. எண்ணூரில் மின்சாரம் எடுத்தார்கள், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்தார்கள். வெளிச்சமும் வண்டியும் ஊரெங்கும் போக, சாம்பலும் கன்டெய்னர் லாரிகளும் இங்கேயே தங்கின.

பாழடைந்து கிடந்த நிலையத்தைப் புதுப்பித்து 2005 அக்டோபர் 2 அன்று மீண்டும் திறந்தார்கள். வெளியே பளிச்சென்று இருக்கிறது. அந்த அயோனிக் தூண்களுக்குப் பின்னால் ஊருக்கென்று எதுவும் நடப்பதில்லை என்பதுதான் என் குறை. சென்னையின் ரயில் அருங்காட்சியகம் 2002இலேயே ஐ.சி.எஃப். வளாகத்தில், வில்லிவாக்கம் பக்கம் அமைந்துவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போக அருமையான இடம். பழைய என்ஜின்களை அங்கே தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த என்ஜின்கள் எந்த ஊரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டன என்பதைச் சொல்ல ராயபுரம்தான் வேண்டும்.

ராயபுரம் நிலையத்தில் அப்படியோர் அருங்காட்சியகம் வந்தால் அதில் ஹாரிஸ் பிரபுவுக்கு ஒரு படம் போதும். மசூலாப் படகு வேண்டும். மூட்டை தூக்கியவர்களின் கொக்கி வேண்டும். ராயப்பர் தேவாலயமும், 1910இல் கட்டிய பார்சி நெருப்புக் கோயிலும் ஒரே பேட்டைக்குள் எப்படி வந்தன என்று சொல்ல ஒரு சுவர் வேண்டும். மாலையில் கானாப் பாட்டுக்கு மேடை, பிள்ளைகளுக்கு கேரம் போர்டு. இதையெல்லாம் சேர்க்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் டிக்கெட்டும் விளக்கும் வைத்தால் உள்ளூர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இங்கே பலர் கேட்பது அருங்காட்சியகத்தை அல்ல, ரயில் முனையத்தை. தாம்பரத்துக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. மான்செஸ்டரின் லிவர்பூல் ரோடு நிலையம் 1830இல் திறந்தது. 1975இல் மூடிய பிறகுதான் அருங்காட்சியகமானது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலும் 2011இல் ரயில் நின்ற பிறகே மறுவாழ்வுத் திட்டங்கள் தொடங்கின. ராயபுரத்திலோ இன்னும் மின்சார ரயில் நிற்கிறது; கடற்கரை நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம். ரயில் ஓடட்டும், முனையக் கோரிக்கையும் தொடரட்டும். பழைய கட்டடத்தில் இரண்டு அறைகளைத் திறந்து, காசிமேட்டுக்குக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்து மணிக்கே விளக்கு போட்டால் ஆரம்பத்துக்கு அது போதும்.