கொல்லைப்புறமாக வந்த வைத்தியம்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

எங்கள் ஊர்ச் சாமியின் பெயர் பிறவி மருந்தீஸ்வரர். பிறவி என்கிற நோய்க்கு மருந்து கொடுத்து, இனிப் பிறக்காமல் பார்த்துக்கொள்பவர். எங்கள் குடும்பமோ நான்கு தலைமுறையாகத் திருத்துறைப்பூண்டியில் பிள்ளை பிறக்கவைத்துச் சோறு தின்ற குடும்பம். “சாமிக்கும் நமக்கும் தொழில் போட்டி” என்பார் அப்பா. சொல்லிவிட்டுப் பிரதோஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். பேரன் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். “கொள்ளுத்தாத்தா வரைக்கும் டாக்டர்னு போட்டாச்சு. அதுக்கு மேல என்னம்மா போடறது?” என்றாள். அதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். இந்த மாதம் மழை மாதம், சாயங்கால ஓ.பி.யில் கூட்டம் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக எழுதலாம்.

நவம்பர் 5, செவ்வாய்

கொள்ளுப்பாட்டி மருத்துவச்சி. நாவிதர் வீடு. வீட்டு ஆண்கள் முடி வெட்டினார்கள், கட்டி அறுத்தார்கள், எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டார்கள், சாவு வீட்டில் சடங்கு செய்தார்கள். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஊருக்கு வைத்தியமும் அவர்கள்தாம், தீட்டும் அவர்கள்தாம்.

பெரிய தெருவில் எந்த வீட்டில் வலி கண்டாலும் ஆள் வரும். இவள் கொல்லைப்புறமாகப் போக வேண்டும். மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் பிரசவம். பிள்ளையை முதலில் தொட்ட கை இவளுடையது. தீட்டுக் கழித்த பிறகு அதே கை அந்த வீட்டுத் திண்ணையில் படக்கூடாது. கூலி நெல், எண்ணெய், ஒரு பழஞ்சேலை. ஆண் பிள்ளையென்றால் நெல் கொஞ்சம் கூடும். பெண் பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து அவள் வெறுங்கையோடு திரும்பியதும் உண்டாம்.

அவள் கைக்குப் பல உயிர் தங்கியிருக்கிறது. பல தங்கவும் இல்லை. தொப்புள்கொடியை அறுத்தது வீட்டு அரிவாள். பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிக்க மறந்து, உடம்பு வில்லாய் வளைந்து போன குழந்தைகளைப் பேய் கொண்டுபோயிற்று என்றே அவளும் நம்பியிருக்கிறாள். அது டெட்டனஸ். தாய்க்கு இரண்டு ஊசி, சுத்தமான ஒரு பிளேடு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இந்தியா அந்த நோயை ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2015 ஆயிற்று. பழைய மருத்துவச்சிகளைக் கொண்டாடி எழுதுவது இப்போது ஒரு நாகரிகமாக இருக்கிறது. எனக்கு அதில் பாதி மனசுதான். அவளைக் கொல்லைப்புறத்தில் நிறுத்திவைத்தவர்களைச் சொல்லாமல் அவள் கைமருந்தை மட்டும் புகழ்கிறவர்களிடம் அந்தப் பாதியும் கிடையாது.

நவம்பர் 9, சனி

தாத்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பக்கம் போதாது.

சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் அரசே முறையாகச் சொல்லித்தரலாமா என்று பார்க்க அப்போதைய சென்னை அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டது. அதன் அறிக்கை 1923இல் வந்தது. 1925இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் தலைவர். அங்கே நாடி பார்க்கவும் கற்பித்தார்கள், பிணத்தை அறுத்து உடற்கூறும் கற்பித்தார்கள். படித்து முடித்தால் எல்.ஐ.எம். பட்டயம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு வேர் அந்தப் பள்ளிதான்.

கொள்ளுப்பாட்டி நெல் விற்ற காசில் தாத்தா அங்கே படித்தார். முப்பதுகளின் நடுவில் ஊர் திரும்பி, கடைத்தெருவில் ஓட்டுக்கட்டடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டினார். முதல் சில மாதம் பெரிய தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் ராத்திரி ஆள் வந்தது: பண்ணையாருக்கு மூச்சுத் திணறுகிறது, உடனே வரணும், கொல்லைப்பக்கமா வந்தா நல்லது. தாத்தா சொன்ன பதில் எங்கள் வீட்டில் வாய்மொழியாகவே வந்திருக்கிறது: “நடக்க முடிஞ்சா இங்க வரட்டும். முடியலேன்னா வாசக்கதவத் திறந்து வையுங்க, வர்றேன்.”

கதவு திறந்ததா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “திறந்தாங்க. ஆனா மறுநாள் வாசல் தெளிச்சப்போ சாணி ரொம்ப அதிகமா இருந்துச்சாம்” என்றார்.

அந்த ஓட்டுக்கட்டடத்தில் நீளமாக ஒரு தேக்கு பெஞ்சு இருந்தது. எல்லாரும் அதில்தான் உட்கார வேண்டும். தனி நாற்காலி கிடையாது. தஞ்சை ஜில்லாவில் அந்தக் காலத்தில் பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள் என்றால், காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். உட்கார மறுத்து நின்றபடியே மருந்து வாங்கிப் போனவர்களும் உண்டு. அவர்களை நிற்கவிட்டார்.

அவர் பீரோவில் நிலவேம்பும் கொயினாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நாற்பதுகளில் எம் அண்ட் பி 693 மாத்திரை வந்தபோது, நிமோனியாவில் கைவிட்ட ஆட்கள் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துத் தன் நோட்டில் ‘ஆச்சரியம்’ என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார். அந்த கேஸ் நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஓரங்களைச் செல் அரித்திருக்கிறது, நடுப்பக்கங்கள் பிழைத்தன.

நவம்பர் 14, வியாழன்

நேற்று சென்னை கிண்டியில் அரசு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தியிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். மருத்துவர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது, நானும் ஓ.பி.யை அடைத்தேன், அவசரத்துக்கு மட்டும் கதவு திறந்தது.

அடைத்தும் நாலு பேர் வந்தார்கள். பேப்பர் படித்துவிட்டு என்னைப் பார்க்கவே வந்தவர்கள். “நம்ம ஊர்ல அப்படிச் செய்ய மாட்டோம் டாக்டரம்மா” என்றார் ஒரு பெரியவர். செய்யமாட்டார்கள் என்று எனக்கு உறுதியில்லை. அப்பா காலத்தில் ஒரு பிணத்தைக் கிளினிக் வாசலில் வைத்துக் கூச்சல் போட்டதைப் பாவாடை சட்டை வயதில் பார்த்திருக்கிறேன். அன்று கூட்டத்தைக் கலைத்தது போலீசில்லை, இறந்தவரின் அக்கா. அவருடைய மூன்று பிள்ளைகளும் அப்பா கையில் பிறந்தவை.

அப்பா தஞ்சை மருத்துவக் கல்லூரியின் ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர். ஃபீஸ் இரண்டு ரூபாய், அதுவும் இருந்தால். கண்ணாடி ஊசிகளைக் கொதிக்கவைப்பதும், மிக்சர் பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு வெட்டு வைத்த காகிதத்தை ஒட்டுவதும் கம்பவுண்டர் வேலை. சிவப்பு மிக்சருக்கு ஊரில் இருந்த மரியாதை எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இருந்ததா என்று சந்தேகம். 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தபோது அப்பா சலித்துக்கொண்டார். எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே பட்டது, இன்றைக்கும் சரிதான். காசு வாங்கினால் கணக்குச் சொல்ல வேண்டும். ஆனால் குடும்பத்தைத் தெரிந்த டாக்டரிடம் சண்டை போட வருகிறவருக்கும், இன்றைக்குத்தான் முதலில் முகம் பார்த்த டாக்டரிடம் வருகிறவருக்கும் கோபத்தின் அளவு வேறு. பெரிய மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புது முகம். அதற்கு அங்கிருக்கும் மருத்துவர் பொறுப்பில்லை. குத்து மட்டும் அவருக்கு விழுகிறது.

நவம்பர் 16, சனி

கஜா புயலுக்கு இன்றோடு ஆறு வருஷம். விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னைகள் வேரோடு சாய்ந்து ரோடே தெரியவில்லை. ஓடு விழுந்த வெட்டு, தகரம் கிழித்த கால். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தையல் போட்டேன். வேறு எழுத மனசில்லை; தென்னை வைத்தவர்கள் இன்னும் கடன் கட்டுகிறார்கள்.

நவம்பர் 21, வியாழன்

நான் மகப்பேறு மருத்துவத்தில் டி.ஜி.ஓ. படித்தது கொள்ளுப்பாட்டிக்காக என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் அந்த வருஷம் கிடைத்தது அதுதான். மாடியில் ஆறு படுக்கை போட்டுப் பிரசவம் பார்த்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். தமிழ்நாட்டில் இன்று நூற்றில் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகை வருகிறது, ரத்த வங்கி இருக்கிறது, ராத்திரியில் 108 வருகிறது. மயக்க மருந்து நிபுணரை மன்னார்குடியிலிருந்து போன் போட்டு அழைத்துக்கொண்டு நான் செய்வதைவிட அரசு மருத்துவமனை பத்திரம். குடும்பத் தொழில் என்னோடு முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை. இப்போது சர்க்கரையும் பிரஷரும்தான். ‘மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா சுகர் ஏறாதாமே’ என்று கேட்டபடி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள்.

மகள் ரேடியாலஜிஸ்ட். திரும்பி வரமாட்டாள். வரச் சொல்லவும் மாட்டேன்.

லீவு நாட்களில் என் பக்கத்தில் வந்து உட்கார ஒரு பெண் இருக்கிறாள். அம்மா நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர். எனக்குப் பழைய பேஷன்ட். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய முதல் வருஷத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள். தாத்தா நோட்டுகளை அவளிடம் கொடுத்தேன். பேரனின் குடும்ப மரத்தில் உச்சிக் கிளையில் ‘மருத்துவச்சி, கூலி நெல்’ என்று எழுதி அனுப்பியாயிற்று.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கிறது. வயலில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேடு தேடும். மேட்டில் வீடு இருக்கிறது.

விடியற்காலை ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி, வேறொன்றுமில்லை என்றார்கள். “ராத்திரி எங்க படுத்தீங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண், எனக்கு முன்னால். தரையில் பாய் போட்டு என்றார் மனைவி. டார்ச் அடித்தால் இமை பாதி இறங்கியிருந்தது. கட்டுவிரியன். கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது; கடிபட்டதே பலருக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி தாத்தா நோட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் வயிற்றுவலியோடு வந்து விடிவதற்குள் இறந்தவர்களை முதலில் ‘காலரா?’ என்று குறித்துக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நிறுத்தி, பேதி இல்லை, எல்லாரும் தரையில் படுத்தவர்கள் என்று எழுதியிருக்கிறார். அதன்பின் வந்த ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் படுத்த இடத்தையும் குறித்தார். அந்தப் பட்டியலில் பெரிய தெருக்காரர் ஒருவரும் இல்லை. அவர்களுக்குக் கட்டில் இருந்தது.

அரசு மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு அனுப்பினேன். அந்தப் பெண்ணும் 108இல் ஏறிக்கொண்டாள். அங்கே விஷமுறிவு மருந்து ஏற்றி, மூச்சு தளர்வதைக் கண்டு, திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றி வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். நிலை பரவாயில்லை என்று சாயங்காலம் போன் வந்தது.

கிளினிக் வாசல் போர்டில் நாளை எழுத வேண்டியது, இதைப் படிக்கிற டெல்டாக்காரர்களுக்கும் சேர்த்து: தண்ணீர் வடியும்வரை தரையில் படுக்காதீர்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்காதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள். கடிபட்ட கைகாலை அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது, இலவசம்.