கெபாசிட்டருக்குக் கட்டுப்படாத வியாதி

பவர் ஃபேக்டர் குறைந்தால் கெபாசிட்டர் மாட்டு: எங்கள் சர்வீஸ் காலத்து வைத்தியம் அதுதான். மோட்டாரில் கரண்ட், வோல்டேஜுக்குப் பின்தங்கி வரும். கெபாசிட்டர் அதைச் சரிக்கட்டும். ஆனால் கம்ப்யூட்டர்கள் நிறைந்த அலுவலகத்தில் இது பலிக்காது.

பழைய ரக கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் டயோடு பிரிட்ஜும் பெரிய கெபாசிட்டரும் இருக்கும். வோல்டேஜ் அலை உச்சிக்கு வரும்போது மட்டும் அது கரண்டை மடக்கென்று விழுங்கும். மற்ற நேரம் சும்மா இருக்கும். பவர் ஃபேக்டர் 0.65 என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் உபயோகமாவது 1,495 வாட்தான். வயரோ முழு 10 ஆம்பியருக்கும் சூடாகும்.

பெரிய ஆபத்து நியூட்ரலில். மூன்று பேஸும் சமமானால் நியூட்ரலில் கரண்ட் இராது என்று படித்தோம். இங்கே 150 சைக்கிள் ஹார்மோனிக் ஒன்றையொன்று கழிக்காமல் நியூட்ரலில் கூடிக்கொள்ளும். ஓர் அலுவலகத்தில் பேஸ் வயர் வெதுவெதுப்பாக இருக்க, நியூட்ரல் வயர் கருகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எம்சிபி விழவே இல்லை. அது பேஸைத்தானே காவல் காக்கிறது!

மருந்து சப்ளைக்குள்ளேயே இருக்க வேண்டும். பிரிட்ஜை அடுத்து ஒரு காயில், மாஸ்ஃபெட், டயோடு, கட்டுப்படுத்த ஓர் ஐ.சி. இந்த பூஸ்ட் சர்க்யூட், கரண்டையும் வோல்டேஜ் அலை போலவே சீராக இழுத்து, 400 வோல்ட் அளவுக்கு டி.சி. ஆக்கும். பவர் ஃபேக்டர் 0.99 வரை ஏறும்.

வாங்கும்போது ‘ஆக்டிவ் பிஎஃப்சி’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய கட்டடமானால், எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலிலும் கிளாம்ப் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்.