கிங்ஸ் சர்க்கிளுக்கு அப்பால்

தீபாவளிப் பட்சணங்கள் டப்பாவின் அடிக்கு இறங்கிவிட்டன. நான்கு மாத மழையிலும் அதன் பின் வந்த அக்டோபர்ப் புழுக்கத்திலும் அல்லற்பட்ட மும்பைவாசி, மாலை வேளையில் மனமுவந்து வீட்டைவிட்டுக் கிளம்பும் காலம் இதுதான். இனிப் பிப்ரவரி முடியும் வரையில் இந்நகரில் பாட்டுக்கும் கூத்துக்கும் ஓவியக் காட்சிக்கும் குறைவே இராது. எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு விடை கூறும் முகமாகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். எழுதிக்கொண்டு போகையில், விடை கூறும் தகுதி எங்களுக்கு உண்டா என்ற ஐயம் வந்துவிட்டது. அந்தக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மாட்டுங்காவிலிருந்தே புறப்படுவோம். நம்மில் பெரும்பாலோர் அங்கே புறப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறோம் என்பது வேறு விஷயம். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் திருப்பாவை. மார்க்கெட்டில் வாழையிலை, கதம்பம். தெருமுனையில் காப்பிக்கொட்டை வறுக்கும் மணம். ஊரைவிட்டு வந்து முப்பது வருஷம் ஆயிற்று என்பதே மறந்துபோகும். சற்று நடந்தால் சண்முகானந்தா. 1952-இல் தோன்றிய அந்தச் சபை 1963-இல் தனக்கென்று ஒரு மண்டபம் எழுப்பிக்கொண்டது. 1990-இல் அதைத் தீ தின்றது. அங்கத்தினர்களும் ரசிகர்களும் சோர்ந்துவிடாமல் மீண்டும் எழுப்பினார்கள். இன்று 2,700 பேருக்கு மேல் உட்கார்ந்து கேட்கலாம். மார்கழியில் வித்வான்கள் பெரும்பாலும் சென்னையைவிட்டு அசையமாட்டார்கள். ஆகையால் பெரிய கச்சேரிகளை அதற்கு முன்னும் பின்னும்தான் இங்கே எதிர்பார்க்க வேண்டும். இதையெல்லாம் நம் வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது எங்கள் எதிர்வீட்டுக் காகூவைப் பற்றி. காகூ என்றால் மராத்தியில் சித்தி. எங்கள் குழந்தைகள் அப்படி அழைத்து, பிறகு நாங்களும் அப்படியே அழைக்கத் தொடங்கி, இப்போது கட்டடம் முழுவதற்குமே அவர் காகூ. இருபது வருஷங்களாக எங்களுடன் சண்முகானந்தாவுக்கு வந்தவர். தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆனால் தனி ஆவர்த்தனத்தின்போது அவர் தொடையில் போடும் தாளம் ஒருநாளும் பிசகியதில்லை. கச்சேரியின் கடைசியில், துக்கடாக்களுக்கு நடுவே சில வித்வான்கள் ஓர் அபங்கம் பாடுவார்களே, அப்போது பார்க்க வேண்டும் அவர் முகத்தை! துக்காராமின் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். மூன்று மணி நேரம் அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே காத்திருந்தவர்போல் இருக்கும்.

ஒருநாள் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் அவர் கேட்டார். குறை கூறும் குரல் அன்று, தெரிந்துகொள்ளும் ஆசைதான். “இத்தனை வருஷமாக உங்கள் பாட்டுக்கு நான் வருகிறேனே, எங்கள் நாடகங்களில் நீங்கள் எதைப் பார்த்திருக்கிறீர்கள்?” விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம். மடக்க ஒரு விரலும் வேண்டியிருக்கவில்லை.

வெட்கம் உண்டானால் மனிதன் முதலில் செய்வது எளிதான பரிகாரத்தைத் தேடுவது. நாங்களும் அவ்வாறே காலா கோடாவுக்குப் போனோம். கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் வண்டி ஏறிச் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் இறங்கினால், ஹுதாத்மா சௌக் வழியாக இருபது நிமிஷ நடை. 1999 முதல் அங்கே ஆண்டுதோறும் ஒன்பது நாள் கலைவிழா நடக்கிறது. ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ தொடங்கும். நடனம், நாடகம், புத்தகப் பேச்சு, குழந்தைகளுக்குப் பொம்மை செய்யக் கற்பித்தல் என்று பலவும் உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. வீதியே காட்சிசாலை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. வேலை நாளில் பகல் பொழுது உத்தமம்.

அந்த இடத்துக்குக் கறுப்புக் குதிரை என்று பெயர் வந்த விதம் வேடிக்கையானது. ஏழாம் எட்வர்டு, இளவரசராக இருந்த காலத்துக் கோலத்தில் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலை ஒன்று அங்கே இருந்தது. 1965-இல் அதை அகற்றினார்கள். இப்போது பைக்குல்லாத் தோட்டத்தில் இருக்கிறது. ராஜாவும் போனார், குதிரையும் போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. 2017-இல் அங்கே புதிதாக ஒரு கறுப்புக் குதிரையை நிறுத்தினார்கள். அதன் முதுகில் யாரும் இல்லை! பக்கத்திலேயே 1952-இல் திறந்த ஜஹாங்கீர் ஓவியக்கூடம். உள்ளே போய்ப் படங்களைப் பார்ப்பதற்குக் காசில்லை. அதற்குள் இருந்த சமோவார் என்ற தேநீர்க் கடை 2015-இல் மூடப்பட்டதால், பழைய நினைவோடு போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

திரும்பி வந்து காகூவிடம் பெருமையாக இதையெல்லாம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “அது எல்லோருடைய தெரு. என் வீட்டுக்கு எப்போது வருவீர்கள்?” என்றார்.

ஜுஹுவில் 1978-இல் திறந்த பிருத்வி அரங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருநூறு பேர் அளவே கொள்ளும் சிறிய இடம். மேடையின் மூன்று புறமும் ஜனங்கள் உட்காருவார்கள். நடிகர் பெருமூச்சுவிட்டால் நமக்குக் கேட்கும். நவம்பரில் அங்கே விழா நடப்பது வழக்கம். ஹிந்தி நன்றாகத் தெரிந்த இளைஞர்கள் தவறவிடக் கூடாது. எங்களுக்கு அத்தனை தூரம் போய் இரவு திரும்புவது சிரமமாயிற்று.

தூரத்தைச் சாக்காகச் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. அது தாராவி. மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் நடந்தே போய்விடலாம். பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் நம் பெண்கள் வரிசை வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே வந்து, தோல் பதனிட்டும் ஆலைகளில் உழைத்தும் இந்நகரில் வேரூன்றிய குடும்பங்கள். அதே சாலையோரத்தில் கும்பார்வாடா. அங்கே சக்கரம் சுற்றும் குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். இத்தனை அருகில் இருந்தும், மும்பைக்கு வந்து இருபத்தேழாம் வருஷத்தில்தான் நாங்கள் அந்தப் பொங்கலைப் பார்த்தோம். மாட்டுங்கா அன்பர்கள் சிலருக்கும் இதே கணக்குத்தான் இருக்கும் என்று எண்ணுகிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். புகை கண்ணைக் கரிக்க நாங்கள் ஓரமாக நின்றபோது, ஓர் அம்மாள், “எந்த ஊரு நீங்க?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஒரு தொன்னை நிறையப் பொங்கலைக் கையில் கொடுத்தார். நாங்கள் மாட்டுங்கா என்று சொல்ல வாயெடுத்து, பிறகு தஞ்சாவூர் என்றோம். குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் அங்கே தொடங்கியிருக்கிறது. அந்தப் பானைகள் இதே சாலையில் இன்னும் எத்தனை தைக்குப் பொங்கும் என்று யாரும் உறுதி கூறுவதற்கில்லை. பார்க்க வேண்டுமானால் வருகிற பொங்கலிலேயே பார்த்துவிடுங்கள்.

தஞ்சாவூர் என்று சொன்னோம் அல்லவா? மராத்தி நாடகத்தை நாங்கள் அயலாருடையது என்று ஒதுக்கியதில் உள்ள பேதைமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சிவாஜி மகாராஜாவின் தம்பி முறையான ஏகோஜி 1676-இல் தஞ்சையில் அரசு ஏற்றார். அவருடைய வம்சம் 1855 வரை அங்கே இருந்தது. ஏகோஜியின் மகன் சகஜி 1684 முதல் 1712 வரை ஆண்டவர். தஞ்சை அரண்மனையில் இருந்துகொண்டு மராத்தியில் நாடகங்கள் எழுதினார். மகாராஷ்டிரத்திலோ, விஷ்ணுதாஸ் பாவே சாங்லியில் 1843-இல் நடத்திய சீதா சுயம்வரத்தைத்தான் மராத்தி அரங்கின் தொடக்கமாகக் கொண்டு, நவம்பர் 5-ஆம் தேதியை நாடக தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆக, இங்கே மேடை ஏறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே காவிரிக் கரையில் மராத்தி நாடகம் பிறந்துவிட்டது. நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து கண்ணீர் மல்கக் கேட்ட ஹரிகதையும் மராத்திய கீர்த்தனத்தைக் கண்டு உருப்பெற்றதே. பெரிய கோயில் திருச்சுற்றுச் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803-இல் பொறித்த நீண்ட மராத்திச் சாசனம் இருக்கிறது. சிறு வயதில் அந்தச் சுவரோரமாக நாங்கள் ஓடி விளையாடியிருக்கிறோம். ஏதோ வடநாட்டு எழுத்து என்று நினைத்தோம்.

சென்ற பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் காகூவுடன் தாதர் சிவாஜி மந்திருக்குப் போனோம். மராத்தி நாடக விளம்பரங்கள் மராத்திப் பத்திரிகைகளில்தான் விரிவாக வரும். எங்கள் பேத்தி அவற்றைப் படபடவென்று படித்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மராத்தி உண்டு. நம்முடைய இந்த இதழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். அதைப் பற்றி இன்னொரு மாதம் எழுதுவோம்.

அரங்கில் முதல் மணி அடித்தது, இரண்டாம் மணி அடித்தது. மூன்றாம் மணி அடித்ததும் பேச்சு அடங்கிற்று. மூன்றாம் மணி என்றால் அவர்களுக்கு ஒரு பக்தி. வாத்தியம் சுருதி சேர்ந்ததும் நம் சபையில் ஓர் அமைதி வருமே, அதுபோல. நாடகம் ஒரு மூன்று அறை வீட்டுக் கதை; தகப்பனாரை யார் வைத்துக்கொள்வது என்று பிள்ளைகளுக்குள் தகராறு. காகூ காதோடு காதாக ஒவ்வொரு வசனத்தையும் ஹிந்தியில் விளக்கினார். முன் வரிசை அம்மாள் இருமுறை திரும்பி முறைத்தார். அரங்கம் சிரித்து முடித்த பின் நாங்கள் தனியாகச் சிரித்தோம். இடைவேளையில் சுடச்சுட உருளைக்கிழங்கு வடை. இரண்டாம் பகுதியில் காகூவின் விளக்கம் நின்றுவிட்டது. ஏன் என்று பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் அதற்குள் எங்களுக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் நாடகத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை சங்கீத நாடகம் பார்ப்போம், அதில் பாட்டு இருக்கும், உங்களுக்கு இன்னும் பிடிக்கும் என்றார். இதை இருபது வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும், சொல்லவில்லை.

இந்த மழைக்காலத்தில் அவருடைய முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. எங்கள் கட்டடம் பழையது, மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. ஜூலை முதல் அவர் கீழே இறங்கியது இரண்டு தடவைதான், இரண்டும் வைத்தியரிடம். சண்முகானந்தாவின் அடுத்த கச்சேரிக்கு வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நாடகத்துக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. டிசம்பரில் ஒரு சங்கீத நாடகம் வருகிறது என்று பேத்தி பத்திரிகையில் கண்டு சொன்னாள். நான்கு டிக்கெட் வாங்கியிருக்கிறோம், ஓரத்து இருக்கைகள். நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்க முதல் மாடிப் பையன்கள் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.